ஏழாம் லைனுக்கு இன்னொரு டோக்கன்

"நான் போட்டதுக்கு மேல நீயும் அமுக்கிட்டியாடி? அப்ப போச்சு போ."

உங்களுக்கும் கேட்டதா அக்கா? முன் சீட்டில் அந்த இரண்டு பெண்களும் ஒரே போனை வைத்துக்கொண்டு யாருடைய கல்யாணப் போட்டோவையோ பார்க்கிறார்கள். ஒருத்தி லைக் போட்டிருக்கிறாள். அது தெரியாமல் அடுத்தவளும் அமுக்கியிருக்கிறாள். போட்டது போய்விட்டது. அதற்கு இவ்வளவு சிரிப்பு.

நான் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுகிற ஆளே இல்லை. கண்டக்டரிடம் சில்லறை கேட்கக்கூட எனக்குக் கூச்சம். நீங்களாகப் பேச்சுக் கொடுத்தீர்கள், என்ன வேலை என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டரில் என்ன என்று கேட்டீர்கள். அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், நீங்கள் நிறுத்தவில்லை. சூலூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

திருப்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே பேக்கரி, மாடியில் நாங்கள் ஆறு பேர். பனியன் கம்பெனிகளுக்கு வருகைப் பதிவு, லீவு விண்ணப்பம் என்று போனிலேயே பார்க்கிற மாதிரி செய்து கொடுப்போம். முதலாளி மௌலி சார் நல்லவர். சத்தம் போட மாட்டார். என்னை வேலைக்கு எடுக்கும்போது, "பேசத் தெரியலைன்னாலும் பரவால்லம்மா, வேலை தெரிஞ்சா போதும்" என்றார். இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்களிடம் வேலை கொடுத்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள், உங்கள் தொழிலாளர்கள் குறை சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்பார்களாம். முன்னால் கேன்டீனில் ஒரு பெட்டி தொங்கியிருக்கிறது. திறந்தால் மிட்டாய்க் காகிதம், ஒருமுறை ஒரு பல்லி. அதனால் எங்களிடம் சொல்லி ஒரு வெப்சைட் செய்தார்கள். கம்பெனி கொடுத்த தன் ஆள் எண்ணைப் போட்டு உள்ளே போய் யார் வேண்டுமானாலும் குறையை எழுதலாம். சாம்பாரில் உப்பு, மின்விசிறி, ஹாஸ்டல் தண்ணீர் என்று எழுதினார்கள். அப்புறம் அந்த வெளிநாட்டுக்காரர்கள், ஒருத்தர் எழுதுவதை எத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதற்குத்தான் ரியாக்ஷன். ஒரு பதிவுக்குக் கீழே கட்டைவிரல், இதயம், அழுகிற மூஞ்சி எல்லாம் இருக்குமே, அது.

அதை என்னிடம் கொடுத்தார்கள். முழுக்க நானே செய்த முதல் வேலை அது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுத்தில் சொல்லக்கூடத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். என்னை மாதிரி. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் எல்லாப் பதிலும் தெரிந்தும் ஒன்றும் வராமல் நின்றவள் நான். அப்படிப்பட்டவர்கள் ஒரு விரலை அமுக்கினால் போதும். யாரும் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்துச் செய்தேன்.

ஆறு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எச்.ஆர். மேனேஜர் சண்முகவடிவு மேடம். நெற்றியில் விபூதி, எப்போதும் சிரித்த முகம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபமான மூஞ்சி எதுக்குங்க, நாமளே சொல்லிக் குடுக்கற மாதிரி ஆயிடும் என்று எடுத்துவிட்டார். அழுகிற மூஞ்சி வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் பட்டால் நன்றாக இருக்காது. சிரிக்கிற மூஞ்சி கிண்டல். இதயத்தைப் பார்த்து, பொண்ணுங்க ஹாஸ்டல்ங்க இது என்றார். கும்பிடு மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் குறைக்குக் கீழே எதற்குக் கும்பிடு என்று அவரே யோசித்து விட்டுவிட்டார். மிஞ்சியது கட்டைவிரல்.

எண்ணிக்கையும் காட்டக் கூடாது என்றார். பத்துப் பேர் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பதினோராவது ஆள் சும்மா போடுவாளாம். மொத்தம் எத்தனை என்பது அவருடைய அறையில் மட்டும் தெரிந்தால் போதும். சரி என்றேன். பெண்களின் போனில் விரல் சாம்பல் நிறத்தில் இருக்கும், அமுக்கினால் நீலமாகும். மறுபடி அமுக்கினால் சாம்பல். எல்லா இடத்திலும் அப்படித்தானே அக்கா, தப்பாக அமுக்கிவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டாமா? ஒரு ஆளுக்கு ஒரு விரல், அதுதான் கணக்கு. மேடம் அறையில் எண் தானாக மாறும், பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை. அதை மௌலி சார் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இன்னொன்றும் செய்தேன். கடவுச்சொல் மறந்துபோகும், பாவம், படித்தவர்களுக்கே மறக்கிறது. அதனால் ஒருமுறை உள்ளே போனால் முப்பது நாளுக்கு அப்படியே இருக்கும்படி வைத்தேன். அது யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது.

கம்பெனி ஒரு விதி போட்டது. ஏழு நாளைக்குள் இருபத்தைந்து விரல் விழுந்தால் குறையைக் கமிட்டியில் வைத்து எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். விழாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும்.

தை மாதம் இதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே அனுப்பினார்கள். கேன்டீன், டீ நேரம், நூறு பேருக்கு மேல். நான் பேப்பரில் எழுதிக்கொண்டு போய் அதைப் பார்த்தே படித்தேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க. மாரிக்கனி, ஏழாம் லைன், டெய்லர். கோவில்பட்டிப் பக்கம். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"யார் அமுக்குனாங்கன்னு வெளிய தெரியாதுல்லா மேடம்?"

தெரியாது என்றேன்.

"அமுக்குனது ஏறிட்டுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கலர் மாறினால் பதிவாகிவிட்டது என்று அர்த்தம் என்றேன். 

"போன் இல்லாதவ என்ன செய்ய? எங்க ரூம்ல ஒம்பது பேருக்கு ஒரு டச் போன்தான் இருக்கு."

யாருடைய போனிலிருந்து வேண்டுமானாலும் போடலாம் என்றேன். முதலில் இருப்பவரின் எண்ணிலிருந்து வெளியே வந்து, அவரவர் எண்ணைப் போட்டு உள்ளே போய், என்று சொல்ல வாயெடுத்தேன். பெல் அடித்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். நூறு பேர் எழுந்து நடக்கும்போது நான் கத்த முடியுமா? அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதனால் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பல்லடம் வந்துவிட்டதா? இங்கே பத்து நிமிடம் நிற்பான்.

ஏழாம் லைன் என்கிற தையல் வரிசையில் நாற்பத்திரண்டு பேர். அங்கே பாத்ரூம் போவதற்கு ஒரு டோக்கன் உண்டு. உள்ளங்கை அகல மரக்கட்டை, அதில் ஏழு என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் மேஜையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு கட்டை. அதனால் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. முத்துச்சுடர் என்று பத்தொன்பது வயதுப் பெண், மாரிக்கனியின் ரூம், அப்படிக் குடிக்காமலே இருந்து காய்ச்சல் வந்து, சிறுநீரில் ரத்தம் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக வார்டன் போனைக் கொடுத்திருந்த நேரத்தில், மாரிக்கனி எழுதினாள். இரண்டே வரி. எனக்கு மனப்பாடம். "எங்கள் லைனுக்கு இன்னொரு டோக்கன் வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் கேட்கிறோம்."

அவ்வளவுதான் கேட்டாள் அக்கா. ஒரு மரக்கட்டை.

திங்கட்கிழமை மேடம் மௌலி சாருக்குப் போன் செய்தார். மூன்று நாள் ஆகியும் பூஜ்யம் காட்டுகிறதே, வேலை செய்கிறதா என்று கேட்டாராம். கோபமாக இல்லை, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் கேட்டார் என்றார் சார். பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அங்கே நடக்கிற ஒவ்வொன்றும் எங்களிடம் வரிவரியாகப் பதிவாகும், எந்த எண், எத்தனை மணிக்கு, என்ன செய்தது என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஏழுக்குத் தொடங்கியிருந்தது. மாரிக்கனியின் எண். போட்டது. பதினைந்து வினாடி கழித்து அதே எண். எடுத்தது. மறுபடி போட்டது. எடுத்தது. போட்டது. எடுத்தது. அப்படியே முப்பத்தெட்டு வரி.

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்தது. ஹாஸ்டலில் போனையெல்லாம் வார்டன் வாங்கி வைத்திருப்பார், மற்றபடி ஞாயிறு காலையில்தான் திருப்பித் தருவாராம். இவள் தன் போனை எடுத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போயிருக்கிறாள். ஒவ்வொருத்தியாக வந்து அமுக்கியிருக்கிறார்கள். ஒருத்திக்கு நீலமாக மாறியிருக்கும், அடுத்தவளுக்குச் சாம்பலாக. எப்படியும் கலர் மாறியிருக்கிறது. ஒவ்வொருத்தியும் தன்னுடையது ஏறிவிட்டது என்று நகர்ந்திருப்பாள். ஓரிடத்தில் நான்கு நிமிடம் இடைவெளி. யாரோ குளித்து முடித்து வரும்வரை காத்திருந்திருப்பார்கள். கடைசி இரண்டும் ஐந்து வினாடிக்குள். அக்கா தங்கையாக இருக்கும்.

நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டு. முத்துச்சுடர் ஆஸ்பத்திரியில், மூன்று பேர் ஊருக்குள்ளிருந்து வேனில் வருகிறவர்கள். ஹாஸ்டலில் இருந்த அத்தனை பேரும் அமுக்கியிருக்கிறார்கள். ஒருத்திகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. இரட்டைப்படையாகப் போனதால் பூஜ்யம். முப்பத்தேழாக இருந்தாலும் ஒன்று என்றுதான் காட்டியிருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. மௌலி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு, ஒரு ஆளுக்கு ஒரு விரல்தானே ஒப்பந்தத்தில் இருக்கிறது, அப்படித்தானே வேலை செய்கிறது என்றார். ஆமாம் என்றேன். அப்ப நம்ம பக்கம் தப்பு இல்லையே, யூஸ் பண்ணத் தெரியாதது அவங்க பிரச்சனை, அந்தம்மா கேட்டா பார்த்துக்கலாம் என்றார். சரி சார் என்றேன். மேடத்துக்கு ஒரு மெயிலும் எழுதி வைத்தேன். மூன்று வரிதான். அனுப்பவில்லை. சார் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு நான் அனுப்பினால் அவரை மீறின மாதிரி ஆகாதா? மாரிக்கனியிடமாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளுடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது, பதிவிலேயே இருந்தது. ஆனால் தொழிலாளர்களின் நம்பரை நாங்கள் சொந்தமாகப் பயன்படுத்தக் கூடாது. அது விதி.

வியாழக்கிழமை ஏழாவது நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிக்கொள்ளும். மூன்றரைக்குக் கேன்டீனில் கூட்டம் வைத்து, கம்ப்யூட்டர் பொண்ணும் வரட்டும் என்றார்களாம். போனேன்.

ஏழாம் லைன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேடத்தின் கம்ப்யூட்டரிலிருந்து சுவரில் பெரிதாகத் தெரிந்தது. மாரிக்கனியின் இரண்டு வரி, கீழே கட்டைவிரல், பக்கத்தில் பூஜ்யம். வார்டன் கொண்டுவந்த மாரிக்கனியின் போன் மேஜை மேல் இருந்தது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். நான் மேஜையின் கடைசியில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். அதில் அந்த முப்பத்தெட்டு வரிகளும் இருந்தன. திரை என் பக்கம் பார்த்து இருந்தது.

மேடம் மெதுவாகத்தான் பேசினார். டோக்கனைப் பற்றிப் பேச வரவில்லை என்றார். "நாப்பத்திரண்டு பேரும் கேக்கறோம்னு எழுதியிருக்கே கண்ணு. ஒருத்தர்கூட ஒத்துக்கலையே. இல்லாத ஆளுங்க பேர்ல எழுதறது பொய்தானுங்க?"

அப்போதுதான் எனக்கே புரிந்தது, அவளை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று. பொய்ப் புகார் எழுதினால் வேலை போகும், அதுவும் விதியில் இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"முப்பத்தெட்டு பேர் என் கண்ணு முன்னால அமுக்குனாங்க மேடம்."

அப்படீங்களா என்று மேடம் பெஞ்சுகளைப் பார்த்தார். அமுக்கியவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். சூப்பர்வைசர் கட்டியிருந்த கையை அவிழ்த்து ஒரு அடி முன்னால் வந்தார். ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது அக்கா. அந்தப் பெண் தனியாக நிற்கிறாளே, இத்தனை பேரில் ஒருத்திக்குக்கூட வாய் திறக்கத் தோன்றவில்லையே என்று.

மாரிக்கனி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே மேடம் இதச் செஞ்சது. சொல்லுங்க. இது பொய் சொல்லுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதே வாய்மொழித் தேர்வு மாதிரி. எண் சரியா என்று கேட்கிறாளா, என்ன நடந்தது என்று கேட்கிறாளா என்று யோசித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"இல்ல. அது பொய் சொல்லாது."

நான் சொன்னது உண்மைதான். அது பொய் சொல்லவில்லை. போட்டதும் எடுத்ததும் அப்படியேதான் இருந்தது. யாராவது என் திரையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

மாரிக்கனி இப்போது அங்கே இல்லை. ஊருக்கே போய்விட்டாள் என்றார்கள், சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போகிறாள் என்று ஒருத்தர் சொன்னார். அவளுடைய எண்ணை நீக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. ஏழாம் லைனுக்கு இன்னும் ஒரே டோக்கன்தான். எங்களுடைய விரல் மட்டும் நன்றாகப் போகிறது. மேடம் சொல்லிச் சொல்லி இன்னும் நான்கு கம்பெனிகள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். இரண்டாம் முறை அமுக்கினால் "உங்கள் ஆதரவு நீக்கப்பட்டது" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். யாரும் கேட்காமல் நானாகவே சேர்த்தேன். மௌலி சார்கூட, பரவாயில்லையே, தானா யோசிக்கறியே என்றார்.

சூலூர் போர்டு தெரிகிறது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. 

நான் பதில் சொன்ன பிறகு மேடம் மணியைப் பார்த்தார். நாலு பத்து. "இன்னும் அம்பது நிமிஷம் இருக்குதுங்க. யாரையும் நான் தடுக்கல. ஒத்துக்கறவங்க இப்பக்கூட போடலாம், சுவத்துல தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாரிக்கனி மேஜைக்கு வந்தாள். தன் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து அமுக்கினாள். விரல் நீலமானது. சுவரில் பூஜ்யம் ஒன்றாக மாறியது. பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. ஏறுதுட்டி, ஏறுது என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அவள் போனை மேஜை மேலேயே திறந்தபடி வைத்துவிட்டு, லைனைப் பார்த்து நின்றாள்.

யாரும் அசையவில்லை. சூப்பர்வைசர் இருமினார். என் லேப்டாப்பில் முப்பத்தொன்பதாவது வரி வந்திருந்தது.

கடைசிப் பெஞ்சில் வெள்ளத்தாய் அக்கா இருந்தார். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவர், வேனில் வருகிற மூன்று பேரில் ஒருத்தர், ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் இல்லாததால் அவர் இன்னும் போடவில்லை. அந்த லைனில் பதினோரு வருடமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லையாம். அவர் எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே, சூப்பர்வைசரைத் தாண்டி, என் நாற்காலியை உரசிக்கொண்டு வந்தார். மாரிக்கனியின் தோளில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையின் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்தப் போனில், அந்த நீல விரலை அமுக்கினார்.